புத்தாக்கம் பிறப்பதும் தடைப்படுவதும்: மலையகத் தேயிலைத் தொழிலின் சான்று

புதிய பொருள் ஒன்றையோ செய்முறை ஒன்றையோ கண்டறிவது ஒரு வேலை; அதைத் தொழிலாக நிலைநிறுத்துவது வேறு வேலை. இரண்டாவதையே பொருளியலாளர் புத்தாக்கம் என்கின்றனர். ஆஸ்திரியப் பொருளியலாளர் ஜோசப் சும்பீட்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை ஐந்து வகையாகப் பிரித்தார்: புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள், புதிய தொழில் அமைப்பு. இவை வரும்போது பழைய முதலீடுகளும் பழைய திறன்களும் மதிப்பிழக்கும் என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

இலங்கை மலையகத்தில் இந்த வகை மாற்றங்கள் பலவும் ஒரு நூற்றாண்டுக்குள் நடந்தேறின. கோப்பி அழிந்து தேயிலை வந்தது, கைவேலை இயந்திர வேலையானது, கொழும்பில் ஏலச் சந்தை உருவானது, பருவத்துக்கு வந்துபோன தொழிலாளர் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் நிரந்தரமாகக் குடியேறினர். பின்னர் அதே தொழிலின் பெரும் பகுதி மாற மறுத்து நின்றது. ஆகவே புத்தாக்கம் பிறக்கும் சூழலையும் அது தடைப்படும் சூழலையும் ஒரே மண்ணில் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

விதை வந்தும் பயிராகாத காலம்

தேயிலை இலங்கைக்குக் கோப்பியின் வீழ்ச்சிக்குப் பிறகு வந்தது என்பது பரவலான எண்ணம். உண்மையில் அசாம் தேயிலை விதைகள் 1839இலேயே பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்துவிட்டன. 1840களின் தொடக்கத்தில் மொரிஸ், காப்ரியல் டி வோர்ம்ஸ் என்ற சகோதரர்கள் சீனத் தேயிலைச் செடிகளைப் புஸ்ஸல்லாவையில் உள்ள தங்கள் தோட்டத்தில் நட்டனர். செடி வளர்ந்தது, தூளும் தயாரானது. ஆனால் உற்பத்திச் செலவு கட்டுப்படியாகாததால் முயற்சி அத்துடன் நின்றது.

மண், மழை, குளிர் எல்லாம் 1840களிலும் இருந்தவைதாம். இல்லாதவை இரண்டு: மலிவாகத் தயாரிக்கும் முறை, அதைத் தேடவேண்டிய கட்டாயம். கோப்பி நல்ல இலாபம் தந்துகொண்டிருந்த வரை எந்தத் தோட்ட உரிமையாளரும் வேறு பயிருக்குப் பணம் ஒதுக்கவில்லை. கையில் இருக்கும் தொழில் நன்றாக ஓடும்போது புதியது எப்போதும் விலை கூடியதாகவும் தரம் குறைந்ததாகவுமே தோன்றும். முதன்மை நிறுவனங்கள் புத்தாக்கத்தைத் தவறவிடுவதற்கான முதற்காரணம் இது.

லூல்கந்துரவின் சோதனை

ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் வந்த ஜேம்ஸ் டெய்லர், கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் பணியாற்றினார். பேராதனையிலிருந்து பெற்ற விதைகளைத் தோட்டப் பாதையோரங்களில் நட்டுப் பார்த்தார். 1867இல் 19 ஏக்கரில் வணிக நோக்குடன் தேயிலை பயிரிட்டார். பங்களா விறாந்தையே அவருடைய முதல் ஆலை. கொழுந்தை மேசைமேல் பரப்பிக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பின்மேல் கம்பித் தட்டுகளில் காயவைத்தனர். 1872இல் உருட்டும் இயந்திரத்துடன் ஆலை ஒன்றை அமைத்தார். 1873இல் லண்டனுக்குப் போன முதற்பொதி வெறும் 23 இறாத்தல்.

டெய்லர் விஞ்ஞானியும் அல்லர், பெருமுதலாளியும் அல்லர். பயிரும் ஆலையும் தம் கண்முன் இருந்ததால், இலை எப்போது வாடுகிறது, எவ்வளவு உருட்டினால் சாறு வெளிவருகிறது என்பவற்றை நாள்தோறும் பார்த்துத் திருத்த அவரால் முடிந்தது. தேயிலைத் தொழிலின் முக்கிய இயந்திரங்கள் பலவும் இப்படிப் பயன்படுத்துவோர் கையிலிருந்தே வந்தவை. ‘சிரொக்கோ’ உலர்த்தியை உருவாக்கிய சாமுவேல் டேவிட்சன் வடகிழக்கு இந்தியாவில் தோட்ட வேலை பார்த்தவர். பின்னரே பெல்பாஸ்டில் தொழிற்சாலை தொடங்கினார். கொழுந்தை வெட்டி, கிழித்து, சுருட்டும் ‘சி.டி.சி.’ இயந்திரத்தை 1930களின் தொடக்கத்தில் அசாமில் உருவாக்கிய வில்லியம் மெக்கெர்ச்சரும் ஒரு தோட்டத்துரைதான். தேவையை அன்றாடம் அனுபவிப்பவரிடம், சோதித்துப் பார்க்கும் உரிமையும் இருந்தால் புத்தாக்கம் பிறக்கிறது.

அந்த உரிமையை நிறுவனங்கள் எளிதில் தொடரவிடுவதில்லை. நாற்பது ஆண்டு உழைத்த டெய்லரை 1892இல் தோட்டத்தின் அன்றைய உரிமை நிறுவனம் பணியிலிருந்து விலக்க முற்பட்டது. அதே ஆண்டு, 57ஆவது வயதில், லூல்கந்துரவிலேயே அவர் இறந்தார்.

கோப்பித் துருநோயும் தோட்டக்காரரின் எதிர்வினையும்

கோப்பி இலையில் மஞ்சள் கலந்த துருநிறப் பொடியாகப் படியும் பூஞ்சண நோய் 1869இல் மடுல்சீமைப் பக்கம் கண்டறியப்பட்டது. ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று அதற்குப் பெயரிட்டனர். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் தொடக்கத்திலேயே எச்சரித்தார். 1880இல் வந்த தாவரவியலாளர் ஹரி மார்ஷல் வார்ட் இரண்டாண்டு ஆய்வில் நோயின் வாழ்க்கைச் சுற்றை விளக்கினார்.

இந்த எச்சரிக்கையைக் கேட்ட பின்னும் தோட்டக்காரர் கோப்பியை விடவில்லை. 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியது. விளைச்சல் குறைந்தாலும் வருமானம் தாக்குப்பிடித்தது. டிம்புலை, டிக்கோயா, மஸ்கெலியா எனக் காடழித்து மேலும் மேலும் உயரத்தில் கோப்பியே நடப்பட்டது. அந்தப் பத்தாண்டின் முடிவில் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருந்தது. நோய் மலையேறியதும் எல்லாம் ஒன்றாகச் சரிந்தன. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் மூடப்பட்டது. இடையில் பலர் மருந்துப் பட்டை தரும் சிங்கோனாவுக்கு மாறினர். 1861இல் அமைந்த ஹக்கலைப் பூங்கா அதற்கெனவே உருவானது. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டை உரித்து ஏற்றுமதி செய்ததால் விலை வீழ்ந்து அந்த வழியும் அடைபட்டது.

தேயிலை அப்போது தயாராக இருந்தது. லூல்கந்துரவில் பதினைந்து ஆண்டுச் சோதனை முடிந்திருந்தது. கோப்பிக்காகப் போட்ட புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. பின்னர் அது நாட்டின் மிக உயர்ந்த புகையிரத நிலையமான பட்டிப்பொலயைத் தொட்டு, 1,898 மீட்டர் உயரத்தைத் தாண்டி ஊவாவுக்கு இறங்கியது. கோப்பிக்கு இயந்திரம் செய்த பட்டறைகள் தேயிலைக்கும் செய்தன. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1890இல் தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன், சிறு பொதிகளில் அடைத்துத் தம் கடைகளிலேயே விற்கும் முறையைக் கொண்டுவந்தார். நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலை மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது.

நெருக்கடி தானாகப் புத்தாக்கத்தை உண்டாக்கவில்லை. நெருக்கடிக்கு முன்பே ஒரு மூலையில் நடந்த சிறு சோதனை, பழைய தொழில் விட்டுச்சென்ற பாதை, பட்டறை, வணிகத் தொடர்பு, இவற்றோடு இழப்பதற்கு இனி ஏதுமில்லை என்ற நிலை ஆகியவை ஒன்றுசேர்ந்தபோதே மாற்றம் நிகழ்ந்தது.

ஆலையில் இயந்திரம், மலையில் கூடை

புதிய தொழிலின் இரு பகுதிகள் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்தன. வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், சலித்தல் ஆகிய ஆலை வேலைகள் சில பத்தாண்டுகளில் இயந்திரமயமாயின. ரோதைகள் எனப்படும் இயந்திரச் சக்கரங்களைக் காக்கும் தெய்வமாக ரோதைமுனியைத் தொழிலாளர் வழிபடும் அளவுக்கு இயந்திரம் தோட்ட வாழ்வில் ஊன்றியது. மலையில் கொழுந்தெடுக்கும் முறையோ ஏறத்தாழ அப்படியே நின்றது: இரண்டு இலை ஒரு மொட்டு, முதுகில் கூடை, மட்டத்தைக் காட்டும் மட்டக்கம்பு, மடுவத்தில் நிறுவை, கணக்கப்பிள்ளையின் பதிவு.

கொழுந்தைக் கையால் தெரிந்து எடுப்பது தரத்துக்கு உதவியது என்பது ஒரு காரணம். கூலி மலிவாக இருந்தது என்பது அதைவிட வலுவான காரணம். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவை. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் குடும்பமாக லயங்களில் தங்கவைக்கப்பட்டனர். ஆள் சேர்த்துவந்த கங்காணியிடம் பட்ட கடன் தொழிலாளரைக் கட்டிப்போட்டது. கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி செய்த துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. ஓரிடத்தில் ஆட்களை மலிவாகக் கட்டிவைக்க முடிந்தால், அங்கே உழைப்பைக் குறைக்கும் கருவிக்கு முதலீடு செய்யத் தூண்டுதல் இராது. தொழிலாளர் பற்றாக்குறை நிலவிய ஜப்பானில் தேயிலை வெட்டும் கத்தரிகளும் பின்னர் மோட்டார் இயந்திரங்களும் பரவின. தென்னிந்தியத் தோட்டங்களிலும் கத்தரி பரவலாகியுள்ளது. மலையகம் பிந்தியே அந்தப் பக்கம் திரும்பியது.

கூலி முறையும் தடையாயிற்று. நிர்ணயித்த கிலோவை எடுத்தால் ஒரு பேர் (முழுநாள் கூலி), குறைந்தால் அரைப்பேர் என்ற கணக்கில், புதிய முறையைப் பழகும் நாள்களின் இழப்பு தொழிலாளி தலையில் விழுகிறது. அதனால் வரும் மிச்சம் நிறுவனத்துக்குப் போகிறது. பலன் ஒருவருக்கும் ஆபத்து இன்னொருவருக்கும் என்று இருக்கும்வரை, கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஐயத்துடனேயே பார்க்கப்படும். கென்யாவின் கெரிச்சோவில் 2023இல் கொழுந்து பறிக்கும் இயந்திரங்களுக்குத் தீவைக்கப்பட்டது இந்த முரணின் உச்சம்.

தலவாக்கலையில் இருந்த அறிவு

இலங்கைத் தேயிலைத் தொழிலுக்கு அறிவுக்குறை இருந்ததில்லை. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தொடங்கியது. பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. ஏற்றுமதித் தேயிலையின் மீதான தீர்வை அதன் செலவுக்கு உதவியது. 1930களின் நடுவில் தேயிலைச் சுருட்டுப் புழுவை அழிக்க ஜாவாவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டனர். அது உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாட்டின் புகழ்பெற்ற வெற்றிகளுள் ஒன்று. 1946இல் கொப்புள நோய் வந்தபோது செப்பு கலந்த மருந்துத் தெளிப்பு பரவலாகி, கோப்பிக்கு நேர்ந்த கதி தேயிலைக்கு வராமல் தடுத்தது.

நிறுவகத்தின் மிகப் பெரிய கொடை பதியமுறைக் கன்று. விதையிலிருந்து வளரும் செடிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பக்கத்துப் பக்கத்துச் செடிகளே விளைச்சலில் பெரிதும் வேறுபடும். நல்ல தாய்ச்செடியின் கிளையில் ஓர் இலையும் சிறிதளவு தண்டும் சேர்த்து வெட்டி, மண் நிரப்பிய பைகளில் நிழலுடன் தவறணையில் வளர்த்தால், தாயைப் போலவே விளையும் கன்று சுமார் ஓராண்டில் கிடைக்கும். நிறுவகம் தன் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தால் 1950களில் வெளியிட்ட டி.ஆர்.ஐ. 2020 வரிசைக் கன்றுகள் விளைச்சலைப் பல மடங்கு உயர்த்த வல்லவை. அந்தப் பத்தாண்டின் முடிவில் மீள்நடுகைக்கு அரசு மானியமும் வந்தது. 1965இல் இலங்கை உலகின் முதல் தேயிலை ஏற்றுமதி நாடானது.

ஆயினும் மேல்நாட்டு மலைகளில் நூறாண்டை நெருங்கிய, அதைத் தாண்டிய விதைச் செடிகள் இன்றும் பெரும் பரப்பில் உள்ளன. நிறுவகம் பரிந்துரைப்பது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீத மீள்நடுகை. பெருந்தோட்டங்கள் நீண்டகாலமாக அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

கணக்கும் குத்தகையும்

மீள்நடுகை என்பது சில மாத வேலை அல்ல. பழைய செடியை வேரோடு பிடுங்கவேண்டும். மண் தேற, குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ போட்டு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு விடவேண்டும். அதன்பின் கன்று நட்டு, கவ்வாத்து வெட்டி, சட்டம் அமைத்து, கொழுந்தெடுக்கும் நிலைக்குக் கொண்டுவர மேலும் சில ஆண்டுகள். உயரம் கூடக்கூட வளர்ச்சி மெதுவாகும். தாழ்நிலத்தில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் கவ்வாத்து, பட்டிப்பொல போன்ற குளிர்ந்த உயரங்களில் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறையே வரும். இத்தனை காலமும் அந்த நிலத்திலிருந்து வருமானம் இல்லை. போட்ட முதல் திரும்பப் பத்தாண்டுக்கு மேல் ஆகலாம்.

இந்தக் காத்திருப்பை யார் ஏற்பார் என்பதை உரிமை முறை தீர்மானித்தது. சுதந்திரத்துக்குப் பின், தேசியமயமாக்கலை எதிர்பார்த்த பிரித்தானியக் கம்பனிகள் நீண்டகால முதலீட்டைச் சுருக்கின. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுக்கு மாற்றின. ஜனவசம என்ற அரச சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தி, நட்டத்தில் மூழ்கின. 1992இல் நிர்வாகம் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் கிடைத்தது வெறும் ஐந்தாண்டு முகாமை ஒப்பந்தம். பிறகே 2045 வரையிலான 53 ஆண்டுக் குத்தகை வந்தது. ஐந்தாண்டில் கணக்குக் காட்டவேண்டிய முகாமையாளர், பத்தாண்டில் பலன் தரும் கன்றை நடமாட்டார். குத்தகை முடிவு நெருங்கும்போதும் இதே சிக்கல் திரும்ப வரும். இதில் எவருடைய அறியாமையும் இல்லை. ஒவ்வொருவரும் தமக்கு இட்ட விதிகளின்படி சரியாகவே கணக்குப் பார்த்தனர். எல்லோரும் சரியாகக் கணக்குப் பார்த்ததன் கூட்டு விளைவு, தேய்ந்த மலைகள்.

சந்தை நகர்ந்தபோது

பிரித்தானியாவே நெடுங்காலம் இலங்கைத் தேயிலையின் தலையாய வாடிக்கையாளர். மேல்நாட்டு ஆலைகள் இலையை உருட்டும் முறையும் சலிக்கும் முறையும் அந்நாட்டவர் சுவைக்கே அமைந்தன. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பிரித்தானிய வீடுகளில் தேயிலைப் பை பரவியது. பைக்கு வேகமாகச் சாயமிறங்கும் சிறுதூள் போதும், அதை ‘சி.டி.சி.’ முறையில் ஆபிரிக்க நாடுகள், முதன்மையாகக் கென்யா, மலிவாகத் தந்தன. இலங்கை, இலையை உருட்டிச் செய்யும் மரபுமுறைத் தேயிலையிலேயே நின்றது. மரபுமுறையைக் காத்தது தவறன்று. அதற்கென்று நல்ல விலை தரும் சந்தைகள் உண்டு. அந்தச் சந்தைகளைத் தேடிச் சென்றது யார் என்பதே கேள்வி.

விடை தாழ்நாட்டில் உள்ளது. இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிற்றுடைமையாளர், பதியமுறைக் கன்றுகளை வேகமாக நட்டனர். அங்குள்ள தனியார் ஆலைகள் கொழுந்தை விலைக்கு வாங்கி, மத்திய கிழக்கு நாடுகள் விரும்பும் கருத்த, முறுகிய நீள்இலைத் தேயிலையைச் செய்தன. ஒருகாலத்தில் மட்டமெனக் கருதப்பட்ட தாழ்நாட்டுத் தேயிலை, ஏலத்தில் மேல்நாட்டுச் சராசரியை விஞ்சியது. இன்று நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேல் தாழ்நாட்டினது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சிற்றுடைமையாளருடையது. தலவாக்கலையில் பிறந்த கன்று தலவாக்கலை மலைகளைவிடத் தெற்கிலேயே முழுமையாகப் பரவியது.

அமெரிக்க ஆய்வாளர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1997இல் வெளியிட்ட நூலில் விளக்கியது இதற்கு நெருங்கிய நிகழ்வு. பெரிய நிறுவனங்கள் தம் சிறந்த வாடிக்கையாளர் சொல்வதைக் கவனமாகக் கேட்பதாலேயே, ஓரத்தில் மலிவாக முளைக்கும் புதியதைத் தவறவிடுகின்றன என்றார் அவர். கொடாக் நிறுவனப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் 1975இலேயே டிஜிட்டல் கமெராவைச் செய்துகாட்டினார். படச்சுருளின் இலாபம் அந்த நிறுவனத்தைக் கட்டிவைத்தது. 2012இல் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. தேயிலையைப் பொதிசெய்து இலங்கைப் பெயரிலேயே உலகக் கடைகளில் விற்கும் முயற்சியும் தோட்டக் கம்பனிகளிடமிருந்து வரவில்லை. தேயிலை சுவைப்பவராகத் தொழிலுக்கு வந்த மெரில் ஜே. பெர்னாண்டோ 1980களில் டில்மாவை அவுஸ்திரேலியச் சந்தையில் நிலைநிறுத்தினார்.

மேலிருந்து வந்த மாற்றம்

புதியது எல்லாமே நல்ல புத்தாக்கமாகிவிடாது என்பதற்கும் மலையகம் சாட்சி. 2021 மே மாதம் அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, நாடு முழுவதையும் சேதன வேளாண்மைக்கு மாற்ற முயன்றது. மாற்று உரம் போதிய அளவில் இல்லை; சோதனைக் காலம் இல்லை; கட்டம் கட்டமாகப் போகும் திட்டமும் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் கொள்கை கைவிடப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, உரத் தட்டுப்பாடும் பொருளாதார நெருக்கடியும் சேர 2022இல் ஏறத்தாழ 250 மில்லியனுக்கு இறங்கியது. லூல்கந்துரவின் 19 ஏக்கர் தோற்றிருந்தால் நட்டம் ஒரு தோட்டத்துக்கு மட்டுமே. சோதனையைச் சிறிதாகத் தொடங்குவதன் பயன் இதுதான்.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்தால், புத்தாக்கத்துக்கு நான்கு தேவைகள் தெரிகின்றன: சிக்கலை நாள்தோறும் கையாள்பவரிடம் சோதிக்கும் உரிமை, தோற்றாலும் தாங்கக்கூடிய சிறு அளவு, பலன் வரும்வரை காத்திருக்க இடந்தரும் உரிமையும் முதலும், வரும் பலனில் உழைப்பவருக்கும் பங்கு. நிறுவனங்கள் தவறுவதும் இந்த நான்கிலேயே. ஓடும் தொழிலின் இலாபம், மலிவான கூலி, குறுகிய கணக்குக் காலம், பழைய வாடிக்கையாளரின் சுவை ஆகியவை மாறாமல் இருப்பதை அறிவுடைமையாகக் காட்டுகின்றன.

நுவரெலியாப் பகுதியில் லயங்களை ஒட்டிய துண்டு நிலங்களில் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு விளைவித்துச் சந்தைக்கு அனுப்புபவர்கள் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரே. விதை தெரிவு, பருவக் கணிப்பு, விலை பார்த்தல் எல்லாம் அவர்கள் கையில் நடக்கின்றன. அதே ஆட்கள் தேயிலை மலைக்குள் நுழைந்ததும் பேர்க் கணக்கில் ஓர் எண் ஆகிவிடுகின்றனர். தேயிலைக் காணியைத் தொழிலாளருக்குப் பங்கிட்டுப் பராமரிக்கவைத்து, கொழுந்துக்கு விலை தரும் வெளியார் உற்பத்தி முறையைச் சில கம்பனிகள் முயன்றுவருகின்றன. காணி மீதான உறுதியான உரிமையும் நியாயமான விலையும் அதனுடன் சேராவிட்டால் அது ஆபத்தை மட்டும் தொழிலாளிக்கு மாற்றும் ஏற்பாடாகவே முடியும். சேர்ந்தால், செடியை நன்கறிந்தவர் கையில் சோதனை உரிமை முதன்முறையாக வரும். மலையகத் தேயிலையின் அடுத்த புத்தாக்கம் புதிய கன்றையோ இயந்திரத்தையோ விட இந்த உரிமை மாற்றத்தையே பெரிதும் சார்ந்துள்ளது.